சாம்ராஜ்யம் ஆண்டவன் கிணற்றுச் சாவி கேட்ட கதை

ஒரு தேசத்தை ஆள்வது எளிது. ஒரு கிணற்றை ஆள்வதுதான் கடினம். இரண்டையும் முயன்று பார்த்து, இரண்டாவதில் மண்ணைக் கவ்வியவன் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன்.

தேசம் என்றது கம்ப்யூட்டர் தேசம். கல்லூரியில் படிக்கும்போது வகுப்புத் தோழன் ஒருவன் பென் டிரைவில் போட்டுக் கொடுத்த பழைய விளையாட்டு. வயதில் அது எனக்கு மூத்தது. ஆரம்பத்தில் ஒரு வண்டியும் கொஞ்சம் குடியானவர்களும் தருவார்கள். பிடித்த இடத்தில் வண்டியை நிறுத்தி ஊரைக் கட்டிக்கொள்ளலாம். வயல் வெட்டலாம், சாலை போடலாம், சக்கரத்தைக் கண்டுபிடிக்கலாம், எழுத்தைக் கண்டுபிடிக்கலாம். (எங்கள் வீட்டில் எழுத்தைக் கண்டுபிடித்தவன் நான்தான். எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்தில் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. அதனால் விளையாட்டில் அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குத் தனியாக ஒரு பெருமிதம் வரும்.) பக்கத்து ராஜாக்களோடு ஒப்பந்தம் போடலாம். எல்லாம் முடிந்ததும் மூலையில் இருக்கும் 'அடுத்த சுற்று' பொத்தானை அமுக்கினால் சில வருடங்கள் ஓடிவிடும். மற்ற ராஜாக்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொள்வார்கள். மறுபடி உலகம் நமக்காகக் கைகட்டி நிற்கும்.

இந்த விளையாட்டில் அப்படி என்னதான் இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான். படங்கள் சுமார். குதிரைக்கும் கழுதைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கத் தனித் திறமை வேண்டும். காற்றில் இலை அசைவதுகூடத் தெரிகிற புது விளையாட்டுகளை என் நண்பர்கள் வாங்கி, ஒரு மாதம் ஆடி, மறந்தும் போனார்கள். இதை மட்டும் தலை நரைத்தவர்களும் ஆடுகிறார்கள், இது வந்த பிறகு பிறந்தவர்களும் ஆடுகிறார்கள். அரசாங்கம் கொடுத்த என் இலவச லேப்டாப்பில் மூச்சு வாங்காமல் ஓடிய ஒரே விளையாட்டு இது என்பது ஒரு காரணம். ஆனால் அது லேப்டாப்பின் காரணம், என்னுடையது அல்ல.

யாரும் அவசரப்படுத்துவதில்லை என்பது காரணமாக இருக்கலாம். எழுந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டு, மாட்டைப் பிடித்துக் கட்டிவிட்டு வந்தாலும், எதிரிச் சிப்பாய் ஓங்கிய வாளை ஓங்கியபடியே நின்றுகொண்டிருப்பான். எனக்காக பஸ்ஸும் நின்றதில்லை, மும்முனைக் கரண்டும் நின்றதில்லை. அந்தச் சிப்பாய் நின்றான். இன்னொன்று, அந்த வரைபடம். நம் ஊரைச் சுற்றிக் கொஞ்சம் இடம்தான் வெளிச்சமாக இருக்கும். மீதி முழுவதும் கருப்பு. ஓர் அடி வைத்தால் ஒரு துண்டு திறக்கும். அந்தப் பக்கம் என்ன இருக்கும் என்ற அரிப்பில் மறுபடி பொத்தானை அமுக்குவோம். இன்னும் ஒரே ஒரு சுற்று. அப்புறம் இன்னும் ஒன்று.

இனி கிணற்றுக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் சின்னாளப்பட்டியிலிருந்து உள்ளே போகும் சாலையில் இருக்கிறது. எங்கள் கிணற்றில் நாலு வீட்டுக்குப் பங்கு. நாளுக்கு ஒரு வீடு என்று முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவோம். மோட்டார் ரூமுக்கு ஒரு பூட்டு, அதற்கு ஒரே சாவி. அன்றைய முறைக்காரர் பாய்ச்சி முடித்ததும், மறுநாள் முறைக்காரர் கையில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அந்த வாரம் புதன் வெள்ளையம்மா அத்தை, வியாழன் ஜமால் பாய், வெள்ளி பெரியப்பா, சனி நாங்கள்.

எங்கள் முறை வந்த செவ்வாய்க்கிழமை சின்ன வெங்காய நாற்று நட்டிருந்தோம். நட்டு மூன்றாம் நாள் பாய்ச்சுவதற்கு உயிர்த்தண்ணீர் என்று பெயர். அதைக் கொடுத்தால்தான் வெங்காயம் பிழைக்கும். எங்கள் முறை சனிக்கிழமைதான் திரும்ப வரும். வெயில் இருந்த இருப்புக்கு அது வரை தாங்காது. இதில் புதுமை ஒன்றும் இல்லை. நடவு போட்டவர் முறை மாற்றிக் கேட்பதும், கேட்டால் மற்றவர் விட்டுக்கொடுப்பதும் வழக்கம்தான்.

புதன்கிழமை காலையில், நத்தத்தில் மாமா வீட்டுக் காதுகுத்துக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு கிளம்பிய அப்பா, வாசலில் நின்று எனக்குப் பாடம் எடுத்தார்.

"பெரியப்பாகிட்டப் போயி, வெள்ளிக்கெழமைத் தண்ணிய எங்களுக்கு விடுங்க, சனிக்கெழம நீங்க பாச்சிக்கங்கன்னு சொல்லு. அம்புட்டுத்தேன்."

"சரிப்பா."

"வேற எதுவும் பேசாத."

"சரிப்பா."

"அவன் காலேசு முடிச்ச புள்ள, அதக்கூடக் கேக்கத் தெரியாதா?" என்று அம்மா எனக்காக வாதாடினாள். (அதுதான் அவள் எனக்காக வாதாடிய கடைசி வழக்கு.)

பெரியப்பா தொழுவத்தில் மாட்டுக்குச் சோளத்தட்டை நறுக்கிக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, வெள்ளிக்கிழமைத் தண்ணி எங்களுக்கு வேணும். வெங்காயத்துக்கு."

"பாச்சிக்கப்பு."

வேலை முடிந்தது. ஒழுங்கான பிள்ளையாக இருந்தால் அந்த இடத்தில் வீடு திரும்பியிருக்க வேண்டும். எனக்கோ ஏமாற்றமாக இருந்தது. என் விளையாட்டில் இலவசமாக எதையும் கேட்கக் கூடாது. கேட்டால் ராஜாவின் முகம் சிவக்கும். அவன் முன்னால் ஏதாவது ஒன்றை வைத்து, பதிலுக்கு ஒன்றைக் கேட்பதே முறை. நிஜ மனிதர்களிடம் இது எப்படி வேலை செய்யும் என்று பார்த்துவிட வேண்டும் என்று ஓர் ஆவல்.

"பதிலுக்கு உங்களுக்கு என்ன வேணும் பெரியப்பா?"

"எனக்கென்ன வேணும்? சனிக்கெழம பாச்சிக்கிறேன்."

"அப்படி இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க. உங்களுக்கு எந்த நாள் தோதுப்படும்?"

அரிவாள் நின்றது. அவர் வாழ்நாளில் இப்படி யாரும் அவரைக் கேட்டதில்லை போலும். வானத்தைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார்.

"நீ கேட்டியேன்னு சொல்றேன். சனிக்கெழம மக வீட்டுக்கு வரச் சொல்லிருக்காக. நாளைக்கின்னா எனக்கு ரொம்ப நல்லது. ஆனா நாளைக்கிப் பாயி முறையில்ல?"

"அத எங்கிட்ட விடுங்க."

ஜமால் பாய்க்குத் திண்டுக்கல் பேகம்பூரில் தோல் மண்டி. எங்கள் பக்கம் ஒரு தென்னந்தோப்பு வாங்கியதில் கிணற்றுப் பங்கும் கூடவே வந்தது. போனில் ஒரு வரியில் முடிகிற விஷயம். ஆனால் ஒரு ராஜாவிடம் இன்னொரு ராஜா நேரில் போவதுதானே மரியாதை? டவுன் பஸ் ஏறினேன்.

"வாங்க தம்பி. தென்னைக்கு என்ன, இன்னைக்குப் பாஞ்சா என்ன, ரெண்டு நாள் கழிச்சுப் பாஞ்சா என்ன? பெரியவரையே பாச்சிக்கச் சொல்லுங்க."

"பதிலுக்கு உங்களுக்கு என்ன வேணும் பாய்?"

பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பிரியாணி சாப்டுறீங்களா?" என்றார்.

"இல்ல பாய், நீங்க என்ன எதிர்பார்க்கிறீங்க?"

"நீங்க மொத சாப்புடுங்கன்னு எதிர்பாக்குறேன்."

சாப்பிட்டேன். கை கழுவி வந்ததும் மறுபடி வற்புறுத்திக் கேட்டதில், சனிக்கிழமை பிள்ளைகளுக்கு லீவு என்றும், மோட்டார்த் தொட்டியில் குளிக்க வேண்டும் என்று அவர்கள் அடம் பிடிப்பதாகவும் சொன்னார். சனிக்கிழமை எங்கள் நாள். தூக்கிக் கொடுத்தேன். வியாழன் பெரியப்பாவுக்கு, வெள்ளி எங்களுக்கு, சனி பாய்க்கு. மூன்று பேருக்கும் லாபம். திரும்பி வரும்போது டவுன் பஸ் ஜன்னலில் என் முகத்தை நானே பார்த்துக்கொண்டேன். கிரீடம் மட்டும்தான் இல்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இன்னும் ஒரு சுற்று பாக்கி இருப்பதாகத் தோன்றியது. ஒப்பந்தத்தை நாலாவது பங்காளிக்கும் முறைப்படி அறிவிக்க வேண்டாமா?

வெள்ளையம்மா அத்தை எங்களுக்கு ஒன்றுவிட்ட உறவு. கணவர் போன பிறகு தனியாகவே விவசாயம் பார்க்கிறவள். பிரியமாக இருந்தால் நான் மருமகன். இல்லாவிட்டால் வெறும் 'ஏலே'. புதன்கிழமை சாயங்காலம் நான் போனபோது மிளகாய்க்குக் கடைசி மடையை அடைத்துக்கொண்டிருந்தாள்.

"வா மருமகனே."

ஈர மண்ணில் குச்சியால் வரைபடம் போட்டு விளக்கினேன். இது பெரியப்பா, இது பாய், இது நாங்கள்.

"நான் எங்க இருக்கேன்?"

"உங்களுக்கு மாத்தமே இல்ல அத்தை. அப்படியே இருக்கலாம்."

"பெரியவருகிட்ட என்ன வேணும்னு கேட்டியாக்கும்?"

"கேட்டேன்."

"பாயிகிட்ட?"

"திண்டுக்கல்லுக்கே போய்க் கேட்டேன்."

"பஸ்ஸேறிப் போயி."

"ஆமா அத்தை."

"எங்கிட்ட?"

விளையாட்டாக இருந்தால் இந்த இடத்தில் ராஜாவின் முகம் சிவந்து எனக்கு எச்சரிக்கை கிடைத்திருக்கும். அத்தையின் முகம் சிவக்கவில்லை. அதை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன்.

"உங்ககிட்டக் கேக்க வேண்டிய அவசியம் வரல அத்தை" என்றேன்.

(பட்டப்படிப்பு படித்தவன் சொன்ன வாக்கியம் இது. இலக்கணத்தில் பிழை இல்லை.)

"செரிலே" என்றாள். மருமகன் 'ஏலே' ஆனது என் காதில் விழவே இல்லை. அவள் மோட்டாரை நிறுத்தினாள், ரூமைப் பூட்டினாள், சாவியை இடுப்பில் செருகினாள், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். ஒப்பந்தப்படி அந்தச் சாவி நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போக வேண்டும்.

வியாழக்கிழமை காலையில் பெரியப்பா எங்கள் வாசலில் நின்றார்.

"சாவி எங்கப்பு?"

"உங்களுக்கு வரலையா?"

அத்தை வீடும் பூட்டிக் கிடந்தது. முதல் பஸ்ஸுக்குக் கீரனூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டதாக எதிர்வீட்டில் சொன்னார்கள். சாவியும் அவளோடு கீரனூர் போயிருந்தது. அத்தையிடம் போன் கிடையாது. மகளுக்குப் போட்டேன். "அம்மா தூங்குது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால், "அம்மா சாப்புடுது." மத்தியானம் போட்டால், "அம்மா கோயிலுக்குப் போயிருக்கு." பின்னணியில் அம்மாவே அந்தப் பதில்களை எடுத்துக்கொடுப்பது தெளிவாகக் கேட்டது.

"பூட்டை உடைச்சிரலாமா பெரியப்பா?" என்றேன்.

அவர் என்னைக் கோயில் உண்டியலை உடைக்கலாமா என்று கேட்டவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "பொதுப் பூட்டுலே. நாலு வீடும் செரின்னு சொல்லாம யாரும் கை வைக்கக் கூடாது. நம்ம கெணத்துல அப்பிடி ஒரு நாளும் நடந்ததில்ல."

பாய் போனில், "பரவால்ல தம்பி. ஆனா சனிக்கெழமைக்குப் புள்ளைககிட்ட வாக்குக் குடுத்துட்டேன், பாத்துக்கங்க" என்றார். யாரும் எதையும் கேட்காமல் நன்றாக இருந்தவர்கள். ஆளுக்கு ஓர் ஆசையை ஊட்டிவிட்டவன் நான். சாயங்காலம் வெங்காயத்தைப் போய்ப் பார்த்தேன். தாள்கள் நுனி தொங்கி, என்னைப் பார்க்கப் பிடிக்காமல் தலை குனிந்திருந்தன. அப்பாவின் மூன்று மாத நம்பிக்கை அந்தப் பாத்திகளில் கிடந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பஸ் ஏறிப் பழனி, அங்கிருந்து கீரனூர். பையில் லேப்டாப்பும் இருந்தது. பஸ்ஸில் அரசு வேலைப் பரீட்சைக்குப் படிக்கலாம் என்றுதான் எடுத்துப் போனேன். (யாரும் நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள்.)

மகளின் மாமியார் வாசலிலேயே வரவேற்றார். "வாங்க கண்ணு, உள்ள வாங்க. ஏனுங் சம்பந்தி, உங்கூருத் தம்பி வந்திருக்குதுங்க."

"என்ன வேணுமாம்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சாவி அத்தை."

"பதிலுக்கு என்ன தருவ?"

என் கையில் ஒரு நாளும் மிச்சம் இல்லை. எல்லாவற்றையும் பங்கு போட்டுக் கொடுத்தாயிற்று. "உங்களுக்கு என்ன வேணும்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இப்ப அவசியம் வந்துருச்சாக்கும்" என்றபடி அத்தை வெளியே வந்தாள். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

தப்புத்தான் என்றேன். வெங்காயம் வாடுகிறது என்றேன். அத்தை அசையவில்லை. ஆனால் கோபத்தைவிட அவளுக்கு வேறொன்று பெரிதாக இருந்தது.

"ஏலே, இத்தன நாளா ஒழுங்காத்தான இருந்த? ஆருக்கு என்ன வேணும்னு வீடு வீடாக் கேக்கச் சொல்லி எவன் சொல்லிக் குடுத்தான்?"

"ஒரு வெளாட்டு அத்தை. கம்ப்யூட்டர்ல."

"எங்க, காட்டு."

காட்டினால் மனம் இளகும் என்று நினைத்தேன். திறந்தேன். அத்தை மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊரைப் பார்த்தாள். வயலைப் பார்த்தாள். வாளோடு நின்றவனைச் சீந்தவே இல்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, அதன் நுனியால் திரையில் தொட்டாள்.

"இது என்ன, கருப்பா?"

"அங்க இன்னும் யாரும் போகல அத்தை."

"என்ன இருக்கு?"

"போனாத்தான் தெரியும்."

"அப்பப் போ."

போனேன். காடு வந்தது. "இன்னுஞ் செத்தத் தள்ளி." மலை வந்தது. "மலைக்கு அங்கிட்டு?" ஆளை மலையேற்றினேன். அந்தப் பக்கம் நீலமாகத் திறந்தது.

"கடல் அத்தை."

"கடலுக்கு அங்கிட்டு?"

"கப்பல் வேணும். அதுக்கு முதல்ல கப்பல் கட்டக் கத்துக்கணும். ரொம்பச் சுற்று ஆகும்."

"ஆகட்டும், அமுக்கு."

அந்தச் சாவி என் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கருப்புத் தெரியும் இடமெல்லாம் அது போய்த் தொட்டது. பிடுங்கியிருக்கலாம், கேட்டிருக்கலாம், குறைந்தபட்சம் மணியையாவது பார்த்திருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. எத்தனையோ முறை ஆடியவன் நான். இருந்தும், இந்த வரைபடத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது. லேப்டாப் சார்ஜ் இறங்கியபோது மாமியாரே எழுந்துபோய் வயரைச் செருகினார். அவருக்கும் கப்பல் வேண்டியிருந்தது. மத்தியானச் சோறு வந்தது. நான் கை கழுவப் போய் வந்து உட்கார்ந்தேன். மறுபடி அமுக்கினேன். திரும்பிப் போக வேண்டிய பஸ் ஒன்று வாசல் வழியே ஹாரன் அடித்துக்கொண்டு போனதும் காதில் விழுந்தது.

வெயில் தாழ்ந்த பிறகுதான் பையில் இருந்த போன் ஞாபகம் வந்தது. பெரியப்பாவிடமிருந்து வரிசையாக அழைப்புகள். கூப்பிட்டேன்.

"எங்கலே இருக்க?"

"கீரனூர்ல பெரியப்பா. பேசிக்கிட்டு இருக்கேன். இப்ப முடிஞ்சிரும்."

"பேசுனது போதும். பூட்ட ஒடச்சாச்சு. ஒங்கப்பன் காதுகுத்துலருந்து நடுவுலயே வந்துட்டான். பாயும் தொழுதுட்டு வந்து செரின்னுட்டாரு. மத்தியானத்துலருந்து வெங்காயத்துக்குத் தண்ணி பாயிது."

"நாலு வீடும் சம்மதிக்கணும்னு சொன்னீங்களே?"

"வெள்ளையம்மாளயும் கேட்டாச்சுலே. அவ மக போனுக்குப் போட்டோம். நீ கை கழுவப் போயிருந்தியாம். 'தாராளமா ஒடச்சுக்கங்க, இவன் செத்த நேரம் இங்கயே இருக்கட்டும், கப்பல் வரணும்'னு சொன்னா. எந்தக் கப்பல்லே?"

திரும்பிப் பார்த்தேன். அத்தை திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அமுக்கு மருமகனே" என்றாள்.

வெங்காயம் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டது. மேட்டுப் பாத்திகளில் மட்டும் அங்கங்கே சொட்டை விழுந்தது. அப்பா என்னைத் திட்டவில்லை. "நான் என்ன சொல்லிட்டுப் போனேன்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். வார்த்தை பிசகாமல் ஒப்பித்தேன். "படிச்ச புள்ள" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

புதுப் பூட்டு வாங்கினோம். அதற்கு மூன்று சாவிகள் இருந்தன. கிணற்றுக்கோ நாலு வீடு. எந்த வீட்டுக்குச் சாவி கிடையாது என்பதில் விவாதமே நடக்கவில்லை. எங்கள் முறைக்கு முதல் நாள் சாயங்காலம் இப்போதும் நான்தான் அத்தை வீட்டுக்குப் போய்ச் சாவி வாங்கி வருகிறேன், லேப்டாப்போடு. சும்மா கொடுப்பதில்லை. ஒரு கரையாவது தெரிய வேண்டும். இத்தனைக்கும் அவள் இதுவரை ஒரு போரும் செய்ததில்லை, ஒரு ராஜாவையும் பகைத்துக்கொண்டதில்லை. கருப்பு தீரும் வரை போகிறாள். தீர்ந்ததும் புது வரைபடம் கேட்கிறாள்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் எது தாமதமானாலும் ஒரே விளக்கம்தான். பஸ் வரவில்லையா, கேஸ் சிலிண்டர் வரவில்லையா, நான் சாப்பிட வரவில்லையா, கப்பல் இன்னும் வரவில்லை. போன மாதம் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். காபி வரச் சற்றுத் தாமதமானது. அம்மா பழக்கதோஷத்தில், "கப்பல் வரல போல" என்று சொல்லிவிட்டாள். பெண்ணின் தகப்பனார் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து, மிகுந்த மரியாதையோடு, "உங்களுக்குக் கப்பலெல்லாம் இருக்குங்களா?" என்று கேட்டார்.

நான் தரையைப் பார்த்தேன்.

"ஒன்னு இருக்குங்க" என்றார் அப்பா. "கீரனூர்ல நிக்குது."